கடற்கரை ஊரில் ஹெட்டர் மாட்டுவது: துருப்பிடித்த நட்டிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சில தெருக்கள்தான். காலையில் கார் கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். எஞ்சின் புகையை வெளியேற்றும் பழைய மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் நீளமான குழாய்த் தொகுதிதான் ஹெட்டர். அதை மாட்டும் வேலையில் பாதி இந்த உப்போடு மல்லுக்கட்டுவதுதான். வீடியோக்களில் மேனிஃபோல்டு நட்டெல்லாம் அரை நிமிடத்தில் கழன்று கையில் வந்துவிடும். அவை உலர்ந்த ஊர்க் கார்கள். புதுச்சேரியிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ இருபது ஐப்பசி மழையைப் பார்த்த காரில் நட்டும், அது ஏறி உட்காரும் தலையில்லாத போல்ட்டான ஸ்டட்டும் ஒரே இரும்பாக இறுகிக் கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் புதியதை மாட்டுவதைவிடப் பழையதைக் கழற்றுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

என் கார் பழைய ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 6,800 சுற்றில். ஷோரூமில் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்கவில்லை. ஆனால் ஐயாயிரம் சுற்றைத் தாண்டியதும் அந்த எஞ்சின் எழுப்பும் குரலைக் கேட்டவர்கள் வேறு பெயரில் அதை அழைக்க மாட்டார்கள். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள பெரும்பாலான பழைய கார்களுக்கு இந்த முறை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

எந்த ஹெட்டர்?

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் பாகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் வார்ப்பிரும்பில் குட்டையாக இருக்கும். நான்கு சிலிண்டரின் புகையும் வெளியே வந்த உடனே ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உண்டு, அதுவும் நீளமாக. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. நீளமும் இணைப்பும் சரியாக அமைந்தால், அடுத்த சிலிண்டரின் புகையை அந்த வெற்றிடம் இழுத்துக்கொடுக்கும்.

இந்த எஞ்சினில் எரியும் வரிசை 1-3-4-2. அதனால் நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் 4-2-1 வகை ஹெட்டரில் முதலாவதையும் நான்காவதையும் ஒரு ஜோடியாக, இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னொரு ஜோடியாகச் சேர்ப்பார்கள். ஒரு ஜோடிக்குள் இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கிறது. ஒன்றின் புகை மற்றதை மறிக்காது. 4-1 வகையில் நான்கும் ஒரே இடத்தில் சேரும். அதன் பலன் உச்சச் சுற்றில்தான் தெரியும், கீழ்ச் சுற்றில் வண்டி கொஞ்சம் சோம்பும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓட்டுபவருக்கு 4-1 சரி. அரியாங்குப்பம் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து, கடலூர் சாலையில் லாரியை முந்தவேண்டிய நமக்கு 4-2-1தான்.

எவ்வளவு சக்தி கூடும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எஞ்சினில் வேறு எதையும் மாற்றாமல் ஹெட்டரை மட்டும் மாட்டினால் சில குதிரைத்திறன்தான். நடு, மேல் சுற்றுகளில் மூச்சு இலகுவாகும், குரல் தெளியும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் ஹெட்டர் வாங்காதீர்கள்.

உலோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதா இரும்பில் செய்து கருப்பு பெயின்ட் அடித்தது விலை குறைவு, ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் உதிரத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகில் 409 மேலே பழுப்பாகும், 304 அதைவிடத் தாங்கும். கடற்கரையில் 304கூட மங்கித் தேநீர்க் கறை போலப் படியும். அது மேற்பூச்சுக் கறைதான், ஓட்டை விழாது. கையில் காசு இருந்தால் செராமிக் கோட்டிங் செய்துகொள்ளுங்கள், பானெட்டுக்குள் சூடும் குறையும். துணிபோல் சுற்றும் ஹெட்டர் ரேப்பை மட்டும் நம் ஊரில் தொடவே தொடாதீர்கள். மழைநீரையும் உப்பையும் உறிஞ்சிக் குழாயோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ரேப்பைப் பிரித்த ஒரு காரில் குழாய் அப்பளம் போல நொறுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்குமுன் ஃபிளாஞ்சைப் பாருங்கள். எஞ்சின் தலையில் (சிலிண்டர் ஹெட்) போய் உட்காரும் தட்டைத் தகடு அது. வெல்டிங் சூட்டில் வளைந்திருந்தால் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் தகட்டை எத்தனை முறை மாற்றினாலும் புகை கசியும். நேரான இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி, அடியில் எழுதும் தாளை நுழைத்துப் பாருங்கள். எங்கேயாவது தாள் தாராளமாக நுழைந்தால் திருப்பிக் கொடுங்கள், அல்லது லேத் பட்டறையில் மட்டம் செய்யுங்கள். புதுக் கேஸ்கட்டை எஞ்சின் துளைகளோடும் ஹெட்டர் துளைகளோடும் பொருத்திப் பாருங்கள். ஹெட்டர் துளை எஞ்சின் துளையைவிடச் சற்றே பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருந்தால் புகை முட்டும் விளிம்பு ஒன்று உருவாகிவிடும்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கட்டும்

சில ஹெட்டர்கள் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடும்படி வரும். அவற்றை வாங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அடக்குவது அந்தப் பெட்டிதான். அதை எடுத்தால் புகைச் சான்றிதழ் நியாயமாகக் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி, புகை விதிகளை மீறும் வண்டிக்கு 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியை மாற்றியமைப்பது பற்றி 52ஆவது பிரிவு தனியாகப் பேசுகிறது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. வேலை தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். எங்கள் தெருவில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் குழந்தைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் என் காரில் அந்தப் பெட்டி இருக்கும்.

மூன்று நாள் முன்பே தொடங்குங்கள்

தை, மாசி மாதங்கள் நல்லவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஞாயிறு வேலை என்றால் வியாழன் இரவே நட்டுகளுக்கு எண்ணெய் விட ஆரம்பிக்க வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, சிறு சுத்தியால் நட்டின் தலையில் மெதுவாக நாலு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். வெள்ளியும் சனியும் இதையே திரும்பச் செய்யுங்கள். சூடான மேனிஃபோல்டில் அடிக்கக் கூடாது. புகையும், தீயும் பிடிக்கலாம்.

கருவிகளில் 10, 12, 14 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் வேண்டும், ஆறு முனை உள்ளவையாக. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். கூடவே நீள, குட்டை எக்ஸ்டென்ஷன், வளையும் ஜாயின்ட், ரிங் ஸ்பேனர் செட், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கான பக்கம் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட், கம்பி பிரஷ், துளை மரையைச் சுத்தம் செய்ய எம்8 (8 மில்லிமீட்டர்) டேப், மரை இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை. புதுக் கேஸ்கட்டுகள், புது நட்டுகள், முடிந்தால் புது ஸ்டட்டுகள். டார்க் ரெஞ்ச் வாங்க முடியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வண்டியைத் தூக்குவதில் சமரசமே கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். காருக்கு அடியில் போவதானால் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும். நம் ஊர் வாசல்களில் பலவற்றின் அடியில் வெறும் மணல். ஸ்டாண்டு சாய்ந்துவிடும். தடித்த மரப்பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும். பின் சக்கரங்களுக்கு முட்டு, ஹேண்ட் பிரேக், பிறகு காரைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால் அடியில் போங்கள்.

கழற்றுதல்

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் கடினமான பகுதி முடியும். முதலில் எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. எஞ்சின் தலை அலுமினியம், ஸ்டட் எஃகு. சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும், பிடி கொஞ்சம் தளரும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

இந்தக் காரில் மேனிஃபோல்டு ரேடியேட்டரைப் பார்த்தபடி முன்பக்கம் இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேனைக் கவசத்தோடு வெளியே எடுத்தால் கை நுழையும். கூலன்ட்டை இறக்கத் தேவையில்லை. ரேடியேட்டர் இதழ்கள்மேல் ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் முதலில் கிழிவது ரேடியேட்டர், அப்புறம் உங்கள் விரல் முட்டி. ஏசி குழாய்களை ஒதுக்கலாம், திறக்கவே கூடாது.

சூட்டுத் தகடு வெளியே வந்ததும் ஆக்சிஜன் சென்சார். முதலில் ஒயர் இணைப்பைப் பிரியுங்கள், ஒயர் முறுக்கக்கூடாது. சென்சார் முனையில் எண்ணெயோ விரலோ படாமல் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். அதன்பின் அடியில் போய், மேனிஃபோல்டு கீழ்க் குழாயோடு சேரும் நட்டுகளைக் கழற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துரு நேராக முகத்தில்தான் விழும். சைலன்சர் தொங்காமல் ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

இப்போது மேனிஃபோல்டு நட்டுகள். முதலியார்பேட்டையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தை இன்றுவரை மீறியதில்லை: "மொதல்ல இறுக்கிப் பாரு தம்பி, அப்புறமா கழட்டு." நட்டை நூலளவு இறுக்கும் திசையில் அசைத்தால் துருவின் பிடி உடையும். பிறகு கால் திருப்பு தளர்த்தி, எண்ணெய் விட்டு, மீண்டும் இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டே வர வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் ஸ்டட் முறியும். நட்டு அசையும்போது "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் நல்லது, துரு விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பர் போல் இழுபட்டால் உடனே நிறுத்துங்கள். அது நட்டு கழல்வதல்ல, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. திரும்ப எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பவர் டூலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு நான்காவது சிலிண்டர் ஓரத்தில் ஒன்று முறிந்தது. பதினோரு மணி ஆகிவிட்டது, பசி, அவசரம். மூன்றாவது முறை காத்திருக்காமல் இழுத்தேன். முறிந்தாலும் பதற வேண்டாம். ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால், மேனிஃபோல்டை எடுத்தபின் அதன்மேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் நடுவழியே வெல்டு பிடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூடு ஸ்டட்டின் உள்வரை இறங்கித் துருவை உடைத்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டுக்கு முன் அந்த இடத்தில் பிரேக் கிளீனர் அடித்திருக்கக் கூடாது; சில வகைகளில் உள்ள குளோரின் ரசாயனம் வெல்டிங் சூட்டில் உயிரைப் பறிக்கும் நச்சு வாயுவாக மாறும். ஸ்டட் உள்ளுக்குள்ளேயே முறிந்திருந்தால் நீங்களே டிரில் போடாதீர்கள். எஃகு கெட்டி, சுற்றியுள்ள அலுமினியம் மெது; டிரில் பிட் மெதுவான பக்கம் ஓடும். அதற்கு லேத் பட்டறைக்காரரின் கை வேண்டும். மரை போய்விட்டால் கம்பிச்சுருள் மரை வைத்துச் சரிசெய்வார்கள், பழையதைவிடப் பலமாகவே நிற்கும்.

பொருத்திப் பார்த்தல், பிறகு பொருத்துதல்

மேனிஃபோல்டு வந்தபின் எஞ்சின் துளைகளில் சுத்தமான துணியைத் திணித்து, பழைய கேஸ்கட் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உப்புத்தாளையும் சுழலும் கம்பி பிரஷையும் அலுமினியத்தில் போடாதீர்கள், மட்டம் கெட்டுவிடும். ஸ்டட் மரைகளில் நட்டை ஓடவிட்டுப் பாருங்கள். நட்டு கையாலேயே அடிவரை போக வேண்டும்.

முதலில் கேஸ்கட் இல்லாமல் ஹெட்டரை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டியிருக்கும், கூட ஒருவர் இருந்தால் நல்லது. எண்ணெய்த் தொட்டி, ஏசி கம்ப்ரசர், குறுக்குச் சட்டம், ஃபேன் ஒயர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரலாவது நுழையும் இடைவெளி வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும் என்பதை மறந்துவிடுகிறோம். எஞ்சின் மவுன்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் நிற்கும்போது இருக்கும் இடைவெளி ஓடும்போது இருக்காது. மவுன்ட் பழசு என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

புது ஸ்டட்டுகளுக்கு ஆன்டி-சீஸ் மெல்லிய படலமாகப் போதும். அள்ளிப் பூசினால் டார்க் கணக்கு தவறும். கேஸ்கட்டை உலர்வாகவே வையுங்கள். சிலர் சிவப்பு சிலிகானையும் சேர்த்துப் பூசுகிறார்கள். துளையருகே அது எரிந்து போகும், சில சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சாரையே கெடுக்கும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஓட்டுங்கள், கீழ்க் குழாய் இணைப்பையும் தளர்வாக மாட்டுங்கள். எல்லாம் இயல்பாக உட்கார்ந்தபின்தான் இறுக்க வேண்டும். நெம்பி உட்காரவைத்த குழாய் சில மாதத்தில் வெல்டில் கீறிவிடும்.

இறுக்கும் வரிசை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கு. மூன்று சுற்றுகளாக: முதலில் 10 நியூட்டன் மீட்டர், பிறகு 20, கடைசியில் 31. இந்த 31 இந்த ஹோண்டா எஞ்சினின் எம்8 நட்டுக்கு. சென்சாருக்கு 44. உங்கள் காருக்கு ஒர்க்‌ஷாப் மேனுவல் என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சென்சார் மரையில் துளி ஆன்டி-சீஸ், முனையில் படக்கூடாது. ஒயர் குழாயில் உரசாமல் கிளிப் போடுங்கள். எடுத்த சூட்டுத் தகட்டுக்குப் பதில் என்ன காக்கப் போகிறது என்று ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் ஒயரையும் பார்த்துக் கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் சூட்டு உறை போடுங்கள்.

கடைசியாகக் குழாய் முழுவதையும் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் எஃகில் எரிந்து, போகாத தழும்பாக நின்றுவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும்

ஸ்டார்ட் செய்யுமுன் கசிவு பார்க்கலாம். வீட்டு வாக்குவம் கிளீனரைக் காற்று ஊதும் பக்கத்தில் மாட்டி, சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. இதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணி அதிகம் ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும், செக் எஞ்சின் விளக்கும் எரியலாம்.

அடுத்து வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். முதல் பத்து நிமிடம் குழாயிலிருந்து புகை வரும், மிச்ச எண்ணெய்தான் எரிகிறது. ஃபேன் சுழல்கிறதா என்று நின்று பாருங்கள். அதை மாட்ட மறந்து கிளம்பியவர்கள் உண்டு. "டிக் டிக்" என்று சுற்றோடு சேர்ந்து ஒலி வந்தால் கேஸ்கட் பக்கம் கசிவு.

நான் முதல் ஓட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பினேன், நிதானமாகவே. மூன்றாவது கியரில் நாலாயிரத்தைத் தாண்டும்போது முன்பு இருந்த திணறல் இல்லை. பழைய குரலில் இருந்த கரகரப்பு போய், கனமான ஒரே சுருதி வந்திருந்தது. கோட்டக்குப்பம் வந்ததும் ஊருக்குள் சத்தம் எப்படி என்று கேட்கக் கண்ணாடியை இறக்கினேன். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி.

இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை எல்லா நட்டையும் அதே வரிசையில் 31க்கு மறுபடி பாருங்கள். கேஸ்கட் ஒருமுறை சூடாகி அமுங்கியதும் ஓரிரண்டு நட்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. ஒரு வாரத்துக்குள் புகைச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். அளவு முன்பைவிடக் கூடியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஆண்டும் மார்கழி முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்தபின் கீழ் இணைப்பு நட்டுகளில் சிறிது கிரீஸ் தொட்டு வைக்கிறேன்.

பழைய மேனிஃபோல்டை இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய கார் 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபதிவு சோதனைக்குப் போக வேண்டும், விற்கும்போது வாங்குபவர் கம்பெனி பாகம் கேட்கலாம். என்னுடையதற்கு எண்ணெய் பூசி, அரிசிச் சாக்கில் சுற்றி, பழைய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, பரணில் வைத்திருக்கிறேன். முறிந்த அந்த ஸ்டட்டும் அதே டப்பாவில்தான் இருக்கிறது.